பழைய வண்டியும் புதிய பெயின்ட்டும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பா விட்டுச் சென்ற 1963ஆம் ஆண்டு சீரிஸ் டூ ஏ லாண்ட் ரோவரை அதன் காலத்து உருவிலேயே திருத்தி வருகிறேன். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் விளக்குக் குழியுடன் கூடிய முன் மட்கார்ட் இரண்டு மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கலாமா? (தலவாக்கலை)

பதில்: வேண்டாம். உங்கள் வண்டிக்கு முன்விளக்குகள் நடுவே கிரில் பகுதியில்தான் இருக்க வேண்டும். அவை மட்கார்ட்டுக்கு இடம் மாறியது 1960களின் இறுதியில்.

கேள்வி: கண்டியில் ஒரு வாகன விற்பனை நிலையத்தில் 1966ஆம் ஆண்டு 88 அங்குல (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) லாண்ட் ரோவர் ஒன்றை இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கினேன். "செசி (அடிச்சட்டம்) ஒரிஜினல், துரு கிடையாது" என்று விளம்பரத்தில் எழுதியிருந்தார்கள். கழுவும்போது பின் குறுக்குச் சட்டத்தில் கறுப்புப் பெயின்ட் உரிந்து, விரல் உள்ளே போய்விட்டது. ஓய்வூதியப் பணத்தில் வாங்கியது, ஐயா. (ஹட்டன், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

பதில்: உங்கள் மீது எந்தக் குறையும் இல்லை. எழுத்தில் துரு இல்லை என்று சொல்லிவிட்டு, துருவின் மேல் பெயின்ட் பூசி விற்றிருக்கிறார்கள். விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் முறைப்பாடு செய்ய வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்வதால், உங்களிடம் எஞ்சியிருப்பது ஒரு மாதமே. விளம்பரத்தின் பிரதி, பற்றுச்சீட்டு, உரிந்த இடத்தின் படங்கள் ஆகியவற்றை இணைத்து இந்த வாரமே அனுப்புங்கள். எப்படிச் செய்வதென்று கேட்க அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். முடிவு வரும்வரை அந்தப் பின் குறுக்குச் சட்டத்தில் வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள், ஏனெனில் அதுதான் உங்கள் சாட்சி.

இந்தக் கறுப்புப் பூச்சைப் பற்றிச் சற்று நீளமாகவே சொல்லியாக வேண்டும். லாண்ட் ரோவரின் உடல் அலுமினியக் கலவையால் ஆனது. போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குத் தட்டுப்பாடு இருந்ததே அதற்குக் காரணம். ஆகவே அறுபது ஆண்டு மழையில் நின்ற வண்டியும் வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், வாங்க வந்தவர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்தியடைவார். செசியோ உருக்குத் தகடுகளைப் பெட்டிபோல் சேர்த்து வெல்ட் செய்தது. மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்துத் தோட்ட வீதிகளின் சேறு அந்தப் பெட்டிக்குள் புகுந்து, நீர் வடியும் துளைகளை அடைத்து, தென்மேல் பருவமழை முடிந்த பிறகும் ஈரமாகவே கிடக்கும். துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே தெரியும் நாளில் தகடு காகிதமாகியிருக்கும். கராஜ்காரர்கள் பல்க்ஹெட் என்று சொல்லும், எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலான தடுப்பும் உருக்குதான், கால் வைக்கும் குழிகளில்தான் அது முதலில் போகும். அலுமினியமும் உருக்கும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் விளிம்புகளில் அலுமினியமும் வெள்ளைப் பொடியாக உதிரும்.

இதையெல்லாம் மறைக்கப் பட்டியும் ஒரு டின் கறுப்புப் பெயின்ட்டும் போதும். ஆகவே செசி பளபளவென்று மின்னும் பழைய வண்டியைக் கண்டால் எனக்கு வரும் முதல் எண்ணம் சந்தேகமே. சிறு சுத்தியலால் பின் குறுக்குச் சட்டத்தையும் ஸ்பிரிங் பட்டைகள் பூட்டியிருக்கும் இடங்களையும் தட்டிக்கொண்டே போங்கள்; நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், உளுத்தது பொத்தென்று மழுங்கும். ஐயமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். தட்ட விடாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். காந்தத்தைக் கொண்டு போகிறவர்கள் அதைக் கதவில் வைத்துவிட்டு ஒட்டவில்லையே என்று திகைக்கிறார்கள். அதை வைக்க வேண்டியது செசியில்; பட்டி நிரப்பிய இடத்தில் அது ஒட்டாது.

பணம் திரும்பக் கிடைத்து மீண்டும் ஒரு வண்டி வாங்குவீர்களானால், நாகம் (சிங்க்) பூசிய புதிய செசி அந்தக் காலத்துக்குரியதல்ல என்று யார் சொன்னாலும் பொருட்படுத்தாதீர்கள். நம் மழைக்கு நான் அதையே தேர்வேன்.

கேள்வி: 1944ஆம் ஆண்டு இராணுவ வில்லீஸ் என்று சொல்லி விற்ற ஜீப்பில் பின்பக்கம் திறக்கும் கதவு இருக்கிறது. பிறகு மாற்றியிருப்பார்களோ? (பண்டாரவளை)

பதில்: கிரில்லின் துளைகளை எண்ணினீர்களா? போர்க்கால எம்பி வகையில் ஒன்பது இருக்கும், பின்பக்கம் திறக்காது. ஏழு துளைகளும் திறக்கும் பின்கதவும் இருந்தால் அது 1945இல் பொதுமக்களுக்காக வெளிவரத் தொடங்கிய சிஜே டூ ஏ. நல்ல வண்டிதான், ஆனால் இராணுவ வண்டியின் விலைக்கு அல்ல. ஒன்பது வரை எண்ணுவதற்குப் பணம் கொடுக்கும் முன்னரே நேரம் இருந்தது.

கேள்வி: பெட்டி பிரிக்காத, 1960களின் பிரேக் லைனிங்குகளும் வீல் சிலிண்டர் ரப்பர்களும் கிடைத்துள்ளன. அந்தக் காலத்துப் பொருள் என்பதால் அவையே சிறந்தவை அல்லவா? (நுவரெலியா)

பதில்: அலமாரியில் வைத்து அழகு பார்க்கச் சிறந்தவை. ரப்பர் பெட்டிக்குள்ளும் கிழடாகும். அப்படிப் பெட்டி பிரிக்காத ரப்பர்களை நானும் பெருமையுடன் வாங்கிப் பூட்டினேன்; ரம்பொடை இறக்கத்தில் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனது, சக்கரத்தின் உட்புறமெங்கும் பிரேக் ஒயில் வடிந்திருந்தது. அக்காலத்து லைனிங்குகளில் பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் உண்டு, அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. உங்கள் கராஜ் பாஸ் அதைக் காற்றடித்து ஊதவும் கூடாது, அரத்தால் ராவவும் கூடாது. டிரம், சிலிண்டர் உடல், குழாய் வழி ஆகியவை அந்தக் காலத்தைப் போலவே இருக்கட்டும். ரப்பரும் லைனிங்கும் இந்த ஆண்டில் செய்தவையாக இருக்கட்டும்.

கேள்வி: 1961ஆம் ஆண்டு சீரிஸ் டூ வண்டியின் பற்றறிக்கு மின்னேற்றும் டைனமோவைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாகப் புதிய ஆல்டர்னேட்டரைப் பூட்டிப் பற்றறியை இணைத்தவுடனேயே புகை வந்தது. கடைக்காரர் மாற்றித்தர மறுக்கிறார். (ஹப்புத்தளை)

பதில்: மறுப்பது நியாயமே. உங்கள் வண்டியில் பற்றறியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். இன்றைய ஆல்டர்னேட்டருக்கு நெகட்டிவ் உடலோடு இணைய வேண்டும். தலைகீழாகக் கொடுத்தால் அதனுள் இருக்கும் டயோடுகள் எரிந்துவிடும். கடையில் பொருள் கேட்டீர்கள், வண்டியின் ஆண்டைச் சொன்னீர்களா? டைனமோ பத்திரமாக இருந்தால் அதையே திருத்திப் பூட்டுங்கள், காலத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: உதிரிப்பாகக் கடையில் பில் தர முடியாது, தந்தால் விலை கூடும் என்கிறார்கள். (பதுளை)

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் சட்டக் கடமை. அவர் விலையைக் கூட்டினால் வேறு கடைக்குப் போங்கள்.

கேள்வி: நான் பார்த்த வண்டியில் ஜப்பானிய டீசல் எஞ்சின் இருக்கிறது, பதிவுப் புத்தகத்திலோ பழைய பெற்றோல் எஞ்சினின் இலக்கம். காசைக் கொடுத்துவிட்டால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பிறகு மாற்றித்தருவதாக உரிமையாளர் சொல்கிறார். (மாத்தளை)

பதில்: முதலில் அவர் மாற்றட்டும், பிறகு நீங்கள் காசைக் கொடுங்கள்.