வாசகர் கேள்வி–பதில்: 2147483647 என்ற எண்

கேள்வி: தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் 2147483647 என்ற எண் வந்தது. அது ஒரு முதன்மை எண் என்று எங்கள் ஆசிரியர் கூறினார். கணினி இல்லாத காலத்தில் இதை எவ்வாறு உறுதிசெய்தார்கள்? நாமும் கையால் வகுத்துப் பார்க்க இயலுமா?
– உயர்தர மாணவி, கொட்டகலை

பதில்: இயலும். இது 2இன் 31ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண். இதன் வர்க்கமூலம் 46341க்குச் சற்றே குறைவு என்பதால், அதற்குட்பட்ட முதன்மை எண் எதனாலும் மீதியின்றி வகுபடாவிட்டால் இது முதன்மை எண்ணாகிவிடும். ஆனால் அந்த எல்லைக்குள் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட முதன்மை எண்கள் இருக்கின்றன. கண்பார்வையைப் பெரும்பாலும் இழந்துவிட்டிருந்த கணிதவியலாளர் ஒயிலர் 1772இல் இதை முதன்மை எண் என்று அறிவித்தபோது, அவை அனைத்தாலும் வகுத்துப் பார்க்கவில்லை. காரணி ஒன்று இருந்தால் அது எந்த வடிவில் இருந்தாக வேண்டும் என்பதையே முதலில் ஆராய்ந்தார்.

p என்ற முதன்மை எண் இதன் காரணி என்று கொள்வோம். அப்போது 2இன் 31ஆம் வலுவை pயால் வகுத்தால் மீதி 1 வரும். 31 முதன்மை எண்ணாதலால், பெர்மாவின் சிறு தேற்றத்தின்படி (2இன் p–1ஆம் வலுவை ஒற்றை முதன்மை எண் pயால் வகுத்தால் மீதி 1) p–1 என்பது 31ஆல் வகுபட வேண்டும். p ஒற்றை எண்ணாதலால் 62ஆலும் வகுபட வேண்டும். மேலும், 2இன் 32ஆம் வலு pயால் வகுக்கப்படும்போது 2ஐ மீதியாகத் தருகிறது. அந்த வலுவோ 2இன் 16ஆம் வலுவின் வர்க்கம். ஒரு வர்க்கம் 2ஐ மீதியாகத் தர வேண்டுமானால் pயை 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி வந்தாக வேண்டும். இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்தால், pயை 248ஆல் வகுக்கும்போது வரும் மீதி 1 அல்லது 63 ஆக மட்டுமே இருக்க முடியும்.

எல்லைக்குள் இத்தகைய எண்கள் 373தான். அவற்றிலும் பெரும்பாலானவை முதன்மை எண்களல்ல. 63, 249 இரண்டும் 3ஆல் வகுபடுவதால் நீங்குகின்றன. முதலில் நிற்பது 311: வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303 வரை தள்ளிப் போய்விடுகிறது. அங்கே மீதி 226. பொறுமையுள்ள இருவர் ஒரு விடுமுறையில் எஞ்சியவற்றையும் முடித்துவிடலாம். முடித்துப் பார்க்கும்படி மனமார வேண்டுகிறேன். பிறர் சொல்லக் கேட்பதற்கும் தாமே நிறுவுவதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

உங்கள் பாடத்தில் இது வந்த காரணம் வேறு. குறியுடன் கூடிய 32 பிட் நிறைவெண்களில் (கூட்டல், கழித்தல் குறியையும் சேர்த்து 32 இரும இலக்கங்களில் எழுதப்படுபவை) இதுவே மிகப் பெரியது. 1970 தொடக்கத்திலிருந்து விநாடிகளை அவ்வாறு எண்ணிவரும் பழைய கணினிகள், இலங்கை நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8.44.07க்கு இந்த எல்லையைத் தொடும்.

கேள்வி: அப்படியானால் 2இன் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் எண் முதன்மை எண்ணாவதற்கு, அந்த வலு முதன்மை எண்ணாக இருந்தால் போதுமா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: போதாது. 2இன் 11ஆம் வலுவிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2047. அது 23 × 89. இரண்டு காரணிகளும் 11இன் இருமடங்கான 22ஆல் வகுக்கப்படும்போது மீதி 1 தருவதைக் கவனியுங்கள். இவ்வகை முதன்மை எண்களைத் தரும் வலுக்கள் என்று கணிதவியலாளர் மெர்சென் 1644இல் தந்த பட்டியலில் 67ஆம் வலுவும் இருந்தது. அது தவறு என்று கணிதவியலாளர் லூக்கா 1876இல் காட்டினார். காரணிகள் 193707721, 761838257287 என்பதை 1903இல் கணிதவியலாளர் கோல் கண்டுபிடித்தார். முதலாவதிலிருந்து ஒன்றைக் கழித்து, 67இன் இருமடங்கான 134ஆல் வகுத்துப் பாருங்கள்: ஈவு 1445580, மீதி இல்லை.