கூடுதலாக இழுத்தால் கூடுதல் நேரம் ஆகாதா?

கேள்வி: ஸ்பிரிங்கில் தொங்கும் எடையை 2 செ.மீ. இழுத்துவிட்டாலும் 4 செ.மீ. இழுத்துவிட்டாலும், ஒருமுறை மேலே போய்த் திரும்பி வர ஒரே நேரம்தான் ஆகும் என்று பள்ளியில் படிக்கும் என் மகள் அடித்துச் சொல்கிறாள். இரண்டு மடங்கு தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகாதா? கேட்டால் சூத்திரத்தைக் காட்டுகிறாள். சரி, இதையே நிலாவில் செய்தால்?

பதில்: மகள் சொல்வதுதான் சரி. ஆனால் சூத்திரத்தை மட்டும் காட்டினால் மனசு ஒப்பாது என்பதும் உண்மை.

ஒரே மாதிரி இரண்டு ஸ்பிரிங், ஒரே மாதிரி இரண்டு எடை, பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை 2 செ.மீ., மற்றதை 4 செ.மீ. கீழே இழுத்துப் பிடியுங்கள். 4 செ.மீ. இழுத்த கைக்கு இரண்டு மடங்கு இழுப்பு தெரியும். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவுக்கவ்வளவு ஸ்பிரிங் திருப்பி இழுக்கும், ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதி இதுதான். இப்போது இரண்டையும் ஒன்றாக விடுங்கள். இரண்டு மடங்கு விசை என்றால் இரண்டு மடங்கு முடுக்கம், அதனால் கிளம்பும்போதே இரண்டாவது எடை இரண்டு மடங்கு வேகம் பிடிக்கிறது, முதலாவது தன் பாதி வழிக்கு வரும்போது இதுவும் தன் பாதி வழியில் நிற்கிறது, அங்கேயும் விசை சரியாக இரண்டு மடங்கு, இப்படியே போய் இரண்டும் நடுப்புள்ளியை, அதாவது எடை ஆடாமல் தொங்கும் இடத்தை, ஒரே கணத்தில் கடக்கின்றன. தூரம் கூடிய அளவுக்கு வேகமும் கூடிவிட்டது. நேரம் எப்படிக் கூடும்?

ரப்பர் பேண்டிடம் இதை எதிர்பார்க்காதீர்கள், அது இழுப்புக்கு நேர் விகிதத்தில் விறைப்பதில்லை. ஊசல்கூட சின்ன ஆட்டத்துக்குத்தான் ஒழுங்கு. 90 டிகிரி வரை தூக்கி விட்டால் சுமார் 18 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். ஸ்பிரிங்கும் சுருள்கள் ஒன்றோடொன்று இடிக்கும் அளவுக்கு ஆடினாலோ, நிரந்தரமாக நீண்டுபோகும் அளவுக்கு இழுபட்டாலோ கணக்கு கெட்டுவிடும்.

அப்புறம் நிலா. அங்கே எடை ஆறில் ஒரு பங்கு, அதனால் ஸ்பிரிங் குறைவாக நீளும், நடுப்புள்ளி மேலே ஏறிவிடும், அவ்வளவுதான். அந்தப் புதிய நடுப்புள்ளியிலிருந்து 2 செ.மீ. இழுத்தால் திருப்பி இழுக்கும் விசை பூமியில் இருந்ததேதான், தொங்கும் நிறையும், அதாவது பொருளின் அளவும், அதேதான். அலைவுநேரம், அதாவது ஒருமுறை போய்த் திரும்பும் நேரம், மாறாது. எடையே தெரியாத விண்வெளியிலும் இது வேலை செய்யும்: 1973இல் ஸ்கைலேப் நிலையத்தில் விண்வெளி வீரர்களை ஸ்பிரிங் பொருத்திய இருக்கையில் உட்காரவைத்து, ஆடும் நேரத்தை அளந்துதான் உடல் நிறையைக் கண்டுபிடித்தார்கள்.

வீட்டிலேயே சோதிக்கலாம். எடையைத் தொங்கவிட்டதும் ஸ்பிரிங் 25 செ.மீ. நீண்டால், பூமியில் ஒரு அலைவுக்குக் கிட்டத்தட்ட 1 நொடி. ஒன்றை அளந்தால் கைப்பிழை வரும், 20 அலைவுகளை எண்ணி வகுத்துக்கொள்ளுங்கள். விடை ஒரு நொடியைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்தால் ஸ்டாப்வாட்ச்சைத் திட்ட வேண்டாம். ஸ்பிரிங்கும் சேர்ந்து ஆடுகிறதே, அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்கையும் எடையோடு சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். மகளின் சூத்திரத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.