நெதர்லாந்தில் போஸ்ட்டாக் வேலை எங்கே தேடுவது?

முனைவர் பட்டம் முடியப்போகிறது, நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடம் எப்படித் தேடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அகாடமிக் டிரான்ஸ்ஃபர் (AcademicTransfer) என்ற வேலைவாய்ப்புத் தளத்தைப் பாருங்கள். டெல்ஃப்ட், லைடன், உத்ரெக்ட், குரோனிங்கன் என்று பெரும்பாலான அறிவிப்புகள் அங்கேயே வந்துவிடும்.

அந்த ஊரில் போஸ்ட்டாக் என்பது உதவித்தொகை அல்ல, சம்பள வேலை. பல்கலைக்கழகங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட கூட்டு ஊதிய ஒப்பந்தப்படி சம்பள நிலை (பெரும்பாலும் 10 அல்லது 11) விளம்பரத்திலேயே இருக்கும். அதற்கு மேல் 8% விடுமுறைப்படி, 8.3% ஆண்டிறுதித் தொகை. பேரம் பேச இடமிருப்பது அந்த நிலைக்குள் எந்தப் படிக்கட்டில் தொடங்குவது என்பதில்தான். முன் அனுபவத்தைச் சொல்லிக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.

சரி, பேராசிரியருக்கு நேரடியாக எழுதலாமா? எழுதலாம். ஆனால் ஒரே மடலை ஐம்பது பேருக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். 'மேரி கியூரி ஃபெலோஷிப்புக்குச் (ஐரோப்பிய ஒன்றியம் தரும் ஆய்வு நிதி) சேர்ந்து விண்ணப்பிக்கலாமா' என்று, ஆய்வு யோசனையோடு கேட்டால் கதையே வேறு. அவர் கைக்காசு இல்லாமல் ஆள் கிடைக்கிறது அல்லவா! இந்த ஃபெலோஷிப்புக்கு, முனைவர் பட்டம் பெற்று 8 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். கடைசி நாள் வழக்கமாகச் செப்டம்பரில் வரும், அதனால் ஏப்ரல், மே மாதத்திலேயே எழுதிவிடுங்கள்.

விசா விண்ணப்பத்தைப் பல்கலைக்கழகமே போட்டுவிடும். அப்புறம் வாடகை வீடு: வேலை உறுதியான அன்றே தேடத் தொடங்குங்கள்.