பைல் சிஸ்டத்தில் ரீட் லாக், ரைட் லாக் என்று இரண்டு எதற்கு?

பைல் சிஸ்டம் என்பது டிஸ்க்கில் பைல்களை அடுக்கி வைக்கும் முறை. லினக்ஸில் இருக்கும் அப்படி ஒன்றான பிடிஆர்எஃப்எஸ்-ஐ (Btrfs) எடுத்துக்கொள்வோம். பைல் பெயர், அளவு, டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற விவரமெல்லாம் ஒரு மரம் மாதிரி அடுக்கப்பட்டிருக்கும். அந்த மரத்தின் ஒவ்வொரு கணுவும், அதாவது விவரங்கள் இருக்கும் ஒவ்வொரு துண்டும், வழக்கமாக 16 கேபி. ஒரே நேரத்தில் பலர் வந்து மோதிக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தனி லாக், அதாவது பூட்டு. படிக்க மட்டும் வந்தால் ரீட் லாக், எத்தனை பேர் வேண்டுமானாலும் சேர்ந்து பிடிக்கலாம். மாற்ற வந்தால் ரைட் லாக், அது ஒருவருக்குத்தான்.

பள்ளியில் ரிசல்ட் ஒட்டும் பலகை மாதிரிதான். நூறு பேர் முண்டியடித்துப் பார்க்கலாம், ஆனால் கிளார்க் தாளைக் கிழித்துப் புதிதாக ஒட்டும்போது எல்லோரும் விலகித்தான் ஆக வேண்டும், இல்லையென்றால் பாதி பழைய தாளையும் பாதி புதியதையும் படித்துவிட்டுப் போவார்கள்.

சிக்கல் எங்கே என்றால், இந்த மரத்தில் வேர் மேலே இருக்கும், தேடல் அங்கிருந்து கணு கணுவாகக் கீழே இறங்குகிறது. புளியமரத்தில் இறங்குகிறவர் கீழ்க்கிளையைப் பிடித்த பிறகுதானே மேல்க்கிளையை விடுவார்? இங்கேயும் அப்படித்தான். இடையில் கைவிட்டால் அதற்குள் வேறொருவர் கீழ்க்கணுவை இரண்டாகப் பிளந்திருக்கலாம், நீங்கள் தேடியது பக்கத்துக் கணுவுக்குப் போயிருக்கும். எழுதுகிறவருக்கு இன்னும் கஷ்டம், கீழே இடம் நிரம்பிப் பிளந்தால் மேல்க்கணுவிலும் குறித்தாக வேண்டும், அதனால் அதையும் விடாமல் வைத்திருப்பார்.

அப்புறம், லாக் என்றதும் பைலையே யாரும் திறக்க முடியாது என்று பலர் நினைக்கிறார்கள், அது வேறு விஷயம். இந்த லாக் மெமரியில் மட்டும் கொஞ்ச நேரம் இருப்பது, கரண்ட் போனால் அதுவும் போய்விடும்.