கல்லை ஓரமாக வையுங்கள், நோட்டுத் தாள் போதும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் கல்லையும் காகிதத்தையும் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். "கல்லு கனம் சார், அதான் முதல்ல விழுந்துச்சு" என்று பிள்ளைகள் முடித்துவிட்டார்கள். காரணம் காற்றுத் தடை என்று எப்படிக் காட்டுவது? பள்ளியில் வெற்றிடப் பம்பு கிடையாது.

பதில்: பிள்ளைகள் மேல் தப்பில்லை. கல்லுக்கும் காகிதத்துக்கும் எடையும் வேறு, வடிவமும் வேறு. அதில் வடிவத்தை மட்டும் காரணம் காட்டினால் யார் நம்புவார்கள்?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். ஒருமுறை நான் மறந்துபோய், தாள் மூன்றாவது பெஞ்சில் போய் இறங்கியது. ஒரே நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்து, ஒன்றை இறுக்கமாகக் கசக்கி உருட்டி, இரண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். எடை ஒன்றுதான், ஆனாலும் உருண்டை நேராக வந்து விழும், தாள் ஆடி அசைந்து வரும்.

அப்புறம்தான் விஷயமே இருக்கிறது. இன்னொரு தாளைப் பாதியாகக் கிழித்து, அந்தப் பாதியை மட்டும் கசக்குங்கள். முழுத் தாளோடு சேர்த்து விடுவதற்கு முன், எது முந்தும் என்று ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். பாதி எடை உள்ளதுதான் முந்தும். எழுதியதை அழிக்க ரப்பர் தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

புத்தகத்தின் மேல் சிறிய தாளை வைத்து விடுவது எல்லோருக்கும் தெரிந்த வித்தை. இரண்டும் ஒன்றாக விழும். ஆனால் "புக்கு இழுத்துட்டுப் போவுது சார்" என்பான் ஒருவன். அவன் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது, புத்தகத்தின் மறைவில் தாளுக்குக் காற்றுத் தடை வெகுவாகக் குறைகிறது. அதனால் இதை முதல் சோதனையாக வைக்காதீர்கள்.

நேரம் இருந்தால், பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் கப் கேக் காகிதக் கிண்ணங்களை வாங்குங்கள். நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி 2 மீட்டரிலிருந்தும், ஒற்றைக் கிண்ணத்தை 1 மீட்டரிலிருந்தும், வாய் மேலே பார்க்க ஒரே நேரத்தில் விடுங்கள். கிட்டத்தட்ட ஒன்றாகத் தரை தொடும். இங்கே தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது, வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. நான்கு மடங்கு எடையைத் தாங்க இரண்டு மடங்கு வேகம் போதும். தடை எடைக்குச் சமமாகி, அதற்கு மேல் ஏறாமல் நிற்கும் அந்த வேகம்தான் முற்றுத் திசைவேகம். அடுக்கு அந்த வேகத்தைப் பிடிக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுப்பதால் ஒரு கணம் பிந்தலாம். செல்போனில் ஸ்லோமோஷனில் எடுத்தால் தெளிவாகத் தெரியும். அதாவது, காற்றில் ஒரே வடிவமுள்ள இரண்டில் கனமானது வேகமாகத்தான் விழும். பிள்ளைகள் சொன்னது பாதி சரி என்று ஒப்புக்கொள்ளுங்கள்.

1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், நிலவில் 1.32 கிலோ சுத்தியலையும் வல்லூறு இறகையும் ஒன்றாக விட்ட வீடியோவைக் கடைசியில் போடுங்கள். அங்கே காற்று இல்லை, இரண்டும் ஒன்றாகவே விழும். "நிலாவுல ஈர்ப்பு இல்ல, அதான்" என்று ஒரு குரல் நிச்சயம் வரும். ஈர்ப்பே இல்லையென்றால் சுத்தியல் கீழே வந்திருக்குமா என்று திருப்பிக் கேளுங்கள்.