ஐட்லிங்கில் அணைந்துபோகும் பழைய லாரி: கேள்வி பதில்

நாகர்கோவில் கோட்டாறில் முப்பத்தைந்து ஆண்டுகளாக டீசல் வண்டிகளின் வேலை பார்த்துவருகிறேன். "ஓட்டத்தில் நன்றாக இருக்கிறது, ஸ்லோவில் விட்டால் சில நேரம் நின்றுவிடுகிறது" என்ற புகாரோடு நம் மாவட்டத்துக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஸ்லோ, ஐட்லிங் என்பது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது. எல்லாம் கம்ப்யூட்டர் இல்லாத, சிலிண்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பழைய பம்ப் வைத்த வண்டிகளைப் பற்றியவை.

குளச்சல், மீன் வண்டி ஓட்டுநர்: அண்ணாச்சி, என்னுடையது 1999 மாடல் ஆறு சிலிண்டர் லாரி. ஐஸும் மீனும் ஏற்றிக்கொண்டு இரவு முழுவதும் தடையில்லாமல் ஓடுகிறது. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இரண்டு மூன்று முறை குலுங்கி அணைந்துவிடுகிறது. சில நாள் ஒன்றுமே செய்வதில்லை. பம்ப்பைக் கழற்றி, டீசல் அளவைச் சரிசெய்யும் கேலிப்ரேஷனுக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?

இப்போது கொடுக்க வேண்டாம், தம்பி. குலுங்கிக் குலுங்கி அணைவது பெரும்பாலும் டீசலோடு காற்று கலப்பதன் அடையாளம். ஐட்லிங்கில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் மிகவும் சொற்பம் என்பதால், ஒரு சிறு குமிழி வந்தாலும் அந்தச் சிலிண்டரின் பங்கு முழுவதையும் அது விழுங்கிவிடும். ஓட்டத்தில் டீசல் தாராளமாகப் போவதாலும், வண்டியின் வேகமே எஞ்சினைச் சுற்றிக் கொடுப்பதாலும் அதே குமிழி உங்களுக்குத் தெரியாமலே கடந்துபோகிறது.

சோதனை எளிது. ஐந்து லிட்டர் கேனில் சுத்தமான டீசலை ஊற்றி, எஞ்சினின் சூடும் சுழலும் பாகங்களும் படாத இடத்தில் உறுதியாகக் கட்டிவையுங்கள். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து புதிய ஹோஸ் ஒன்றை நேராக, டீசலை உறிஞ்சி அனுப்பும் சிறிய ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனில் விடுங்கள், இல்லையென்றால் கேன் சீக்கிரம் காலியாகிவிடும். ஏர் எடுத்துவிட்டு, அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டு, வழக்கமாக அணையும் நேரத்தைவிட அதிக நேரம் ஐட்லிங்கில் ஓடவிடுங்கள். அணையாமல் ஓடினால் குற்றம் டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையில் இருக்கிறது. அப்போதும் அணைந்தால் ஃபீட் பம்ப், ஃபில்டர், பெரிய பம்ப் என்று வரிசையாக முன்னோக்கிப் போக வேண்டும். ஃபில்டரிலிருந்து பம்ப்புக்குப் போகும் இடத்தில் டீசல் தாங்கும், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் (கண்ணாடி ஹோஸ்) ஒரு சாண் நீளம் போட்டால் குமிழி ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. அங்கே வரும் அழுத்தம் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், இதே புகாரோடு வந்த ஒரு வண்டியின் பம்ப்பை நான் கழற்றிக் கொடுத்து, அந்த ஏழை உரிமையாளருக்குப் பெரிய செலவு வைத்துவிட்டேன். பம்ப் திரும்பி வந்த பிறகும் வண்டி அணைந்தது. கடைசியில் பார்த்தால், சேஸிஸில் குழாயைப் பிடித்திருந்த ஒரு கிளிப்புக்கு அடியில் துரு தின்று, ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தது.

குலசேகரம், ரப்பர் தடி ஏற்றும் வண்டியின் உரிமையாளர்: எங்கேயும் டீசல் கசிவே இல்லை. பிறகு காற்று எப்படி உள்ளே போகும்?

டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை டீசல் உறிஞ்சப்படுகிறது. அந்தப் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். எனவே ஈரம் இல்லை என்பதை வைத்து அந்தக் குழாயை நல்லது என்று தீர்மானிக்க முடியாது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது, சந்தேகப்படும் ஒவ்வொரு இணைப்பிலும் கெட்டியான கிரீஸைச் சுற்றி அப்பிப் பாருங்கள். எந்த இணைப்பில் அப்பியதும் கண்ணாடி ஹோஸில் குமிழி நிற்கிறதோ அங்கேதான் ஓட்டை. ஒருமுறை நசுங்கிய செப்பு வாஷரைத் திரும்பப் போட வேண்டாம்.

அரை டேங்குக்குக் கீழே வந்தால் மட்டும் அணைகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியானால் டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் பாதி உயரத்தில் வெடிப்பு இருக்கலாம். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிக்கான டீசல் வந்தபோது கந்தக அளவு 50 பி.பி.எம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 ஆகக் குறைந்தது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் மற்றத் தன்மைகளும் மாறுவதால், பழைய ரப்பர் சீல்கள் சுருங்கிக் காற்று விடுவதும் உண்டு. இருபது வருடமாக மாற்றாத சீல் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

தேங்காய்ப்பட்டணம்: மழைக்காலத்தில் மட்டும்தான் எனக்கு இந்தத் தொல்லை.

தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. பாதி காலியான டேங்கின் உள்சுவரில் இரவில் வேர்க்கும் ஈரம் அடியில் போய்ச் சேர்கிறது. மூடியின் வாஷர் போயிருந்தால் மழைத் தண்ணீரே நேராக இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன், வண்டியை அசைக்காமல் டேங்கின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். டீசல் மேலே மஞ்சளாக நிற்கும். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தெளிந்து, இடையில் ஒரு கோடு போட்டதுபோல் தெரியும். அந்தக் கோட்டின் மேல் கறுப்பாக, வழவழப்பாக ஒரு படலம் ஒட்டியிருந்தால் டேங்கில் கிருமிகள் வளர்ந்திருக்கின்றன, டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும். பம்ப்புக்குள் டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கு, அதாவது மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்த அளவு. அதில் தண்ணீர் போனால் வரும் சேதத்துக்கு ஃபில்டரின் விலை ஒரு பொருட்டே அல்ல. இரவில் டேங்கை நிரப்பி நிறுத்துங்கள்.

திங்கள்நகர்: குலுக்கல் எதுவும் இல்லை, சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் டப்பென்று நிற்கிறது.

இது வேறு நோய். பம்ப்பில் மின்சாரத்தால் டீசலைத் திறந்து மூடும் சோலினாய்டு இருந்தால் அதன் வயரிலிருந்து ஒரு சிறு பல்பை இழுத்துக் கேபினுக்குள் கண்ணில் படும்படி வையுங்கள். எஞ்சின் அணையும் அந்த நொடியில் பல்பும் அணைந்தால் வயரிங்கிலோ சாவியிலோ குற்றம். இழுத்து நிறுத்தும் ஸ்டாப்பர் கேபிள் வண்டி என்றால், கடற்கரைக் காற்றில் உப்பேறிய கேபிள் முழுவதும் திரும்பாமல் பாதியிலேயே நிற்கும். பம்ப்பின் லீவர் தன் இருப்புக்கு முழுமையாகத் திரும்புகிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழி, செங்கல் வண்டி ஓட்டுநர்: காலையில் நன்றாக இருக்கிறது, மதியம் சூடேறினால் அணைகிறது. உடனே ஸ்டார்ட்டும் ஆவதில்லை.

காற்றும் தண்ணீரும் இல்லை என்று உறுதியான பிறகுதான் நான் பம்ப்பைக் குறை சொல்வேன். உங்கள் வண்டியில் அந்த வாய்ப்பு இருக்கிறது. சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால், தேய்ந்த பம்ப்பில் உள்ளுக்குள்ளேயே கசிந்து அழுத்தம் ஏறாது. அணைந்த பிறகு ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டுச் சற்று ஆறவிட்டு, உடனே ஸ்டார்ட் ஆகிறதா பாருங்கள். ஸ்டார்ட் ஆகிறது என்றால் கேலிப்ரேஷனுக்குக் கொடுக்கலாம். ஓடும் எஞ்சினில் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள், பம்ப் பிடித்துக்கொள்ளும்.

வடசேரி: ஐட்லிங் திருகை ஏற்றி வைத்தால் போதாதா?

போதாது. நோய் அப்படியே இருக்கும். சரியான வேகத்தில் வைத்துவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். சீல் வைத்த உச்சவேகத் திருகின் பக்கம் போகவே வேண்டாம்.

தக்கலை: என் தம்பி இந்த வண்டியைத்தான் ஓட்டுகிறான். இறக்கத்தில் அணைந்தால் என்ன ஆகும், அண்ணாச்சி?

எல்லாக் கேள்விகளிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது உங்கள் கேள்விதான், அம்மா. எஞ்சின் நின்றால், ஏர் பிரேக்குக்குக் காற்றை அடைக்கும் கம்ப்ரசரும் நிற்கும். பிறகு மிதிக்கும் ஒவ்வொரு பிரேக்குக்கும் காற்று டேங்கில் மீதமிருக்கும் காற்றுதான் செலவாகும். வேக்குவம் பிரேக் வைத்த சிறு வண்டியில் சில மிதிகளுக்குள் பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் இறுகிவிடும். எனவே டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடக் கூடாது. கியரில் இருக்கும்வரை சக்கரமே எஞ்சினைச் சுற்றும். கிளட்ச் மிதித்த நேரத்தில் அணைந்தால், பதறாமல் கியரில் போட்டுக் கிளட்ச்சை விட வேண்டும், பிரேக் பெடலை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தில் பிடித்து ஓரத்தில் நிறுத்த வேண்டும். குற்றம் தீரும்வரை உங்கள் தம்பியைப் பாரம் ஏற்றி அனுப்பாதீர்கள்.