தகரம் வியர்க்கும் ஊரில் விளக்கை எங்கே மாட்டுவது?

கேள்வி: கோத்தகிரி அருகே கட்டபெட்டு பக்கம் 30 அடிக்கு 20 அடியில் தச்சுப் பட்டறை ஷெட் போட்டிருக்கிறேன். இரும்பு பைப் தூண், கற்பூர மர (யூகலிப்டஸ்) கைமரம், மேலே ஜிஐ ஷீட். விட்டம் 10 அடி உயரத்தில் இருக்கிறது, சீலிங் இல்லை. போன வருஷம் தகரத்தை ஒட்டி மாட்டிய நான்கு பேட்டன் லைட்டில் (டியூப்லைட் மாதிரி நீள எல்இடி) மூன்று போய்விட்டன. எத்தனை விளக்கு, எங்கே, எப்படி மாட்டுவது?

பதில்: கூரை ஒழுகியிருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். ஒழுகாத ஷெட்டிலும் இது நடக்கும். நீர்ப்பனி இறங்கும் நாட்களில் காலை ஆறு மணிக்குப் போய் ஷீட்டின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், கை நனையும். ராத்திரியில் தகரம் உள்ளே இருக்கும் காற்றைவிடச் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. ஈரக்காற்று அதில் பட்டதும் முத்து முத்தாக நீர் கோத்து, சரிவில் இறங்கி, கைமரத்தில் முட்டிச் சொட்டும். அங்கே ஒட்டியிருக்கும் லைட்டின் முதுகில் வயர் நுழையும் துளை இருக்கிறது. செத்த லைட்டைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் உள்ளே எல்இடிக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் போர்டில் செம்பு பச்சை பூத்திருக்கும்.

அதனால் தகரத்தில் எதையும் மாட்ட வேண்டாம். ஷீட்டில் ஸ்க்ரூ போட்டால் புது ஒழுக்கும் சேர்ந்துகொள்ளும். விட்டத்துக்கு விட்டம் ஜிஐ சேனல் ஓட்டி, அதில் லைட்டைப் பிடியுங்கள். ஐபி65 என்று போட்ட, முழுக்க மூடிய பேட்டனாக வாங்குங்கள். மரத்தூளையும் சொட்டும் நீரையும் அது உள்ளே விடாது. வயரை லைட்டுக்குக் கீழாக வளைத்து இறக்கி, அப்புறம் மேலேற்றிக் கிளாண்டுக்குள் (வயர் நுழையும் இடத்தை இறுக்கி மூடும் மூடி) கொடுங்கள். வயர் வழியே ஓடிவரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இந்த ஒரு வளைவுக்காக எலக்ட்ரீசியனிடம் சண்டை போட்டாலும் தப்பில்லை. எலி கடிக்காமல் மற்ற வயரிங் முழுவதும் பிவிசி பைப்புக்குள் போகட்டும்.

எண்ணிக்கைக்கு வருவோம். உங்கள் ஷெட் சுமார் 56 சதுர மீட்டர். லூமென் என்பது விளக்கு தரும் மொத்த வெளிச்சம், ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்தான் லக்ஸ். மரவேலைக்கு 300 லக்ஸ் என்று வைத்தால் 16,800 லூமென். கறுத்த கைமரமும் சாம்பல் தகரமும் வெளிச்சத்தை விழுங்கும், தூசு வேறு படியும். நூற்றில் அறுபது பங்குதான் வேலைக்கு வந்து சேரும் என்று வைத்தால் 28,000 லூமென் வேண்டும். 3,600 லூமென் தரும் 36 வாட் பேட்டன் எட்டு போதும். நீளவாக்கில் இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு. சுவரிலிருந்து 5 அடி, லைட்டுக்கு லைட் ஏழரை அடி. நீளப் பலகையை நிமிர்த்தித் திருப்புவீர்கள் என்பதால் 9 அடிக்குக் கீழே இறக்காதீர்கள்.

ஆனால் பெஞ்சுக்கு இது போதாது. சுவரோரம் 2 அடி அகல பெஞ்சு என்றால் நீங்கள் மூன்றடி தள்ளி நிற்பீர்கள், விளக்கு வரிசை உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். சில்வர் ஓக் பலகையில் பென்சில் கோடு போடக் குனிந்ததும் உங்கள் தலை நிழல் கோட்டின் மேலேயே விழும். பெஞ்சின் முன் விளிம்புக்கு நேர் மேலே, ஏழடி உயரத்தில், 20 வாட் பேட்டன் இரண்டைத் தனி சுவிட்சில் போடுங்கள்.

வாங்கும்போது லைட்டை எரியவிட்டு மொபைல் கேமராவில் பாருங்கள். கருப்புப் பட்டைகள் அழுத்தமாக ஓடினால் அந்த லைட் வேண்டாம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மட்டமான டிரைவரில் வெளிச்சம் நொடிக்கு 100 தடவை துடிக்கும். அந்தத் துடிப்பில், 3,000 ஆர்பிஎம்மில் சுற்றும் ரம்பம் நின்றுவிட்டது போலக்கூடத் தெரியலாம். நிற்கிறது என்று நம்பிக் கை நீட்டினால் விரல் போய்விடும்.

அதே காரணத்துக்காக விளக்கையும் மெஷினையும் ஒரே எம்சிபியில் (லோடு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) சேர்க்காதீர்கள். மெஷின் டிரிப் ஆனதும் ஷெட்டே இருண்டுவிடும், பிளேடோ இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். எல்லா விளக்கும் சேர்ந்தே ஒன்றரை ஆம்பியர்தான் இழுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 ஆம்பியர் எம்சிபியும் தாராளம். கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் விளக்கு, மெஷின் இரண்டுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். எர்த் வயர் எல்லாப் பாயிண்டுக்கும் போக வேண்டும். போர்டு இணைப்பை லைசென்ஸ் உள்ளவரிடம் விடுங்கள்.

கற்பூர மரம் சுலபத்தில் வெடிக்கும். சேனலைப் பிடிக்கும் இடத்தில் முதலில் சிறு துளை போட்டுவிட்டு ஸ்க்ரூ ஏற்றுங்கள், ஒரே ரேகையில் இரண்டு ஸ்க்ரூ வேண்டாம். மரம் முழுக்கக் காயாமல் ஏற்றியிருந்தால், மாசி பங்குனி வெயிலில் சுருங்கிப் பிடி தளர்ந்திருக்கும். அப்போது ஏணி போட்டு ஒவ்வொன்றாக இறுக்கிவிடுங்கள்.